ரசம் போன கண்ணாடி

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "இருபது நிமிஷம் பேசுங்க, உங்க தொழிலைப் பத்தியே பேசுங்க, ஆனா போரடிக்காம பாத்துக்கங்க" என்றார். மூன்றாவது நிபந்தனைதான் கஷ்டம். என் தொழில் பழம்பொருள்களைக் கெடாமல் பாதுகாப்பது. 1984-ல் இங்கே கெமிஸ்ட்ரி முடித்து வெளியே போனேன். அன்றிலிருந்து துருப்பிடித்த வாள், பூச்சி அரித்த ஓலை, பச்சை பிடித்த விக்கிரகம் என்று ஓடிவிட்டது. எல்லாவற்றையும் பேசினால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். ஆகையால் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன்: சுவரில் மாட்டும் பழைய அலங்காரக் கண்ணாடி.

கண்ணாடி என்ற சொல்லுக்கு நம் மொழியில் வேலை அதிகம். ஜன்னலில் இருப்பதும் கண்ணாடி, மூக்கின் மேல் இருப்பதும் கண்ணாடி, முகம் பார்ப்பதும் கண்ணாடி. ஆனால் முகம் பார்க்கும் கண்ணாடி கெட்டுப்போனால் மட்டும் அதற்கென்று தனியாக ஒரு பேச்சு வைத்திருக்கிறோம். "ரசம் போயிடுச்சு" என்போம். சலூன் கண்ணாடியோ, பீரோ கதவுக் கண்ணாடியோ, கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டால் அது ரசம் போன கண்ணாடிதான். இந்த ரசம் எது? பாதரசம்.

இன்று கடையில் வாங்கும் எந்தக் கண்ணாடியிலும் பாதரசம் ஒரு துளிகூடக் கிடையாது. நூறு வருடத்துக்கு மேலாகவே கிடையாது. வெள்ளி இருக்கும், அல்லது அலுமினியம் இருக்கும். தொழில் மாறிவிட்டது, சொல் மாறவில்லை. பாதரசம் பூசிய கண்ணாடி வீட்டுக்கு வந்த காலத்தை நம் நாக்கு இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறது. சில வீடுகளின் சுவரிலும் அது இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. நான் பேச வந்தது அந்தக் கண்ணாடியைப் பற்றி.

முதலில் கண்ணாடித் தகடு எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். வெனிஸ் நகரத்தை ஒட்டி முரானோ என்று ஒரு தீவு. உலைகளால் ஊர் தீப்பற்றிவிடும் என்று பயந்து, 1291-ல் வெனிஸ் குடியரசு கண்ணாடி உலைகளை எல்லாம் அங்கே கொண்டுபோய் வைத்தது. மணலில் இருக்கும் இரும்பு கண்ணாடிக்கு ஒரு பச்சை நிறத்தைக் கொடுத்துவிடும். மாங்கனீசுத் தாதுவைக் கொஞ்சமாகச் சேர்த்தால் அந்தப் பச்சை அடங்கும். சுத்தமான மூலப்பொருளும் இந்தப் பக்குவமும் சேர்ந்து, 15-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆஞ்செலோ பரோவியர் என்ற உலைக்காரர் நிறமே இல்லாத 'கிறிஸ்தாலோ' கண்ணாடியைக் கொண்டுவந்தார். 1507-ல் தால் காலோ என்ற குடும்பத்துச் சகோதரர்கள் இருவர் அதில் முகம் பார்க்கும் கண்ணாடி செய்ய அரசிடம் தனி உரிமை வாங்கினார்கள்.

வாயால் ஊதுகிற தொழிலில் தட்டையான தகடு எப்படி வரும்? ஊதுகுழலில் நீண்ட உருளையாக ஊதுவார்கள். இரண்டு முனைகளையும் வெட்டிவிட்டு, நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, மறுபடி சூட்டில் வைத்து, சுருட்டிய பாயைப் பிரிப்பதுபோல் விரிப்பார்கள். வந்த தகடு மேடும் பள்ளமுமாக இருக்கும். முதலில் மணல், பிறகு நைசான எமரித் தூள், கடைசியில் மெருகுத் தூள் என்று நாள்கணக்கில் கையால் தேய்த்தால்தான் முகம் நெளியாமல் தெரியும். ஒரு மனிதனின் மூச்சுக்கும் கைக்கும் எட்டுகிற அளவுதான் தகட்டின் அளவு. அந்தக் காலத்துப் பெரிய கண்ணாடிகளில் நடுவே மூட்டு இருப்பது இதனால்தான்.

தகடு தயாரான பிறகுதான் அலங்கார வேலை. சுற்றிலும் மரச் சட்டத்துக்குப் பதில் கண்ணாடித் துண்டுகளாலேயே ஆன சட்டம். முறுக்கிய கண்ணாடிக் கம்பி, இதழ் இதழாகக் கிள்ளி எடுத்த பூ, உச்சியில் கிரீடம் மாதிரி ஒரு முகடு. ஒவ்வொன்றும் பின்பலகையில் சிறு திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கும். தகட்டில் கொடியும் பூவும் சின்னச் சக்கரத்தால் செதுக்கியிருப்பார்கள். அதை முன்பக்கம் செதுக்குவதில்லை. பின்பக்கம் செதுக்கி, அதன்மேல் ரசம் பூசுவார்கள். முன்னால் நின்று பார்க்கும்போது பூ கண்ணாடிக்குள்ளேயே மிதப்பதுபோல் இருக்கும். விரலால் தடவினால் வழவழவென்று ஒன்றும் தட்டுப்படாது. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இப்போது ரசம். வழவழப்பான கல் மேசை ஒன்று. அதன் மேல், கண்ணாடித் தகட்டைவிடச் சற்றுப் பெரியதாக, அடித்து மெல்லிசாக்கிய வெள்ளீயத் தகட்டை விரிப்பார்கள். ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது. கொஞ்சம் பாதரசத்தை ஊற்றித் துணியால் தேய்த்தால் ஈயம் பளபளக்கும். பிறகு இன்னும் ஊற்றி, சில மில்லிமீட்டர் உயரத்துக்குப் பாதரசக் குளமாகவே நிறுத்துவார்கள். மேலே ஆடை படியும், பாலில் படிகிற மாதிரி. கண்ணாடித் தகட்டை ஒரு ஓரத்திலிருந்து படுக்கைவாக்கில் தள்ளிக்கொண்டே போவார்கள். தகட்டின் விளிம்பு அந்த ஆடையை முன்னால் ஒதுக்கிக்கொண்டே போக, பின்னால் சுத்தமான பாதரசத்தின் மேல் கண்ணாடி உட்காரும். 'உட்காரும்' என்பதுகூடத் தப்பு, மிதக்கும். பாதரசம் கண்ணாடியைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் கனம் ஆயிற்றே. நடுவில் ஒரு தூசியோ ஒரு காற்றுக் குமிழியோ மாட்டிக்கொண்டால் அத்தனை வேலையும் வீண். அப்புறம் துணி விரித்து எடைக் கற்களை ஏற்றி, மேசையை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, மிச்சப் பாதரசம் ஓரத்துக் கால்வாயில் வடியும்வரை வாரக்கணக்கில் காத்திருப்பார்கள்.

ஈயமும் ரசமும் சேர்ந்தது என்றதும் தஞ்சாவூர்ப் பக்கத்து நண்பர்கள் சிரிக்கிறார்கள். ஆமாம், ஈயச்சொம்பும் வெள்ளீயம்தான்! அந்த ரசம் வாசனை, இந்த ரசம் விஷம். அவ்வளவுதான் வித்தியாசம்.

இவ்வளவு செய்தபின் கண்ணாடியின் முதுகில் இருப்பது என்ன? பெயின்ட் மாதிரி காய்ந்துபோன ஒரு பூச்சு என்று நினைத்துவிடாதீர்கள். ஈயமும் பாதரசமும் கலந்த பொடிப்பொடிப் படிகங்கள், அவற்றின் இடுக்குகளில் இன்னும் உறையாத பாதரசம். இருநூறு வருடத்துக் கண்ணாடியானாலும் முதுகில் ஈரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதரசம் கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் மெதுவாகக் கீழே இறங்கும். அது விட்டுப்போன இடத்தில் ஈயம் ஆக்சைடாகி மங்கும். நாம் பார்க்கிற புள்ளியும் மேகமும் இப்படி வந்தவை.

இந்தத் தொழில் ரகசியத்துக்காக நடந்த சண்டை ஒரு சினிமாவுக்குக் காணும். சுருக்கமாகச் சொல்கிறேன். முரானோக்காரர்கள் ஊரைவிட்டுப் போய்த் தொழில் செய்யக் கூடாது என்று வெனிஸ் சட்டம் வைத்திருந்தது. 14-ஆம் லூயி மன்னரின் மந்திரி கோல்பேர், தூதர் மூலம் ஆசை காட்டிச் சிலரைப் பாரிசுக்கு இழுத்துவந்து 1665-ல் அரசுக் கண்ணாடித் தொழிற்சாலையைத் தொடங்கினார். வந்தவர்களில் சிலர் 1667-ல் அடுத்தடுத்து இறந்தபோது விஷம் வைத்துவிட்டார்கள் என்று பேச்சு எழுந்தது; நிரூபணமாகவில்லை. வெர்சாய் அரண்மனையில் 1684-ல் முடிந்த கண்ணாடிக் கூடத்தில் 17 வளைவுகள், வளைவுக்கு 21 வீதம் 357 கண்ணாடிகள். அந்தக் கம்பெனி பிற்பாடு சேன்-கோபேன் என்ற கிராமத்தின் பெயரால் வழங்கலாயிற்று. நம் ஸ்ரீபெரும்புதூரில் 2000-த்தில் உற்பத்தி தொடங்கிய செயின்ட் கோபைன் ஆலை அதே பரம்பரைதான். அங்கே வேலை பார்க்கிற நம் பையன்கள் யாராவது இந்தக் கூட்டத்தில் இருந்தால் தெரிந்துகொள்ளட்டும், உங்கள் கம்பெனிக்கு வயது 360 ஆகிவிட்டது. அங்கே கண்ணாடிக் குழம்பு உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதந்துதான் தகடாகிறது. பழைய கூட்டாளி ஈயம் இன்னும் கூடவே இருக்கிறது.

மன்னரும் மந்திரியும் இருக்கட்டும். மேசைப் பக்கத்தில் நின்றவன் என்ன ஆனான்? பாதரசம் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும். அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. இத்தாலிய வைத்தியர் ராமாட்சினி 1700-ல் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் வெனிஸ் கண்ணாடிக்காரர்களும் வருகிறார்கள். கைகால் நடுங்கி, மூச்சிரைத்து, தாங்கள் செய்த கண்ணாடியில் தங்கள் கதியைத் தாங்களே பார்க்க வேண்டியிருந்தவர்கள் என்று எழுதுகிறார். பிற்காலத்தில் இந்தத் தொழில் ஜெர்மனியில் பவேரியாப் பகுதியில், முக்கியமாக ஃபூர்த் நகரத்தில், பெரிதாக வளர்ந்தது. அங்கே பார்த்ததை வைத்து அடால்ஃப் குஸ்மவுல் என்ற டாக்டர் 1861-ல் ஒரு தனி நூலே எழுதினார். கை நடுக்கம், ஈறு வீக்கம், பல் உதிர்வது. அதோடு கூச்சம். நாலு பேர் பார்த்தால் வேலை செய்ய முடியாது, முதலாளி பக்கத்தில் வந்து நின்றால் சொல் தடுமாறும். பாதரசம் நரம்பில் செய்கிற வேலை அது. பணக்கார வீட்டுக் கூடத்தில் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, மனிதர் முகத்தைப் பார்க்கவே கூசுகிறவனாக ஒருவன் ஆகிப்போனான். என் தொழிலில் இதைவிட வயிற்றைக் கலக்கிய விஷயம் நான் படித்ததில்லை.

இதிலிருந்து விடுதலை எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் கெமிஸ்ட்ரி லேபில் ஒவ்வொருவரும் செய்த சோதனையிலிருந்து! டாலன்ஸ் சோதனை ஞாபகம் இருக்கிறதா? சில்வர் நைட்ரேட், அம்மோனியா, ஒரு சிட்டிகை குளுக்கோஸ், வெந்நீரில் சோதனைக் குழாய். குழாய் சுத்தமாக இருந்தால் உள்ளே வெள்ளிக் கண்ணாடி, அழுக்காக இருந்தால் கறுப்புச் சேறு. ஆல்டிஹைடு வெள்ளியை இப்படிக் கண்ணாடி மேல் படியவைக்கும் என்று லீபிக் 1835-ல் கண்டார். 1856 வாக்கில் அதைக் கண்ணாடித் தொழிலுக்கு ஏற்ற முறையாக்கினார். ஆனாலும் தொழில் உடனே மாறவில்லை. வெள்ளி சீக்கிரம் கறுக்கும், செலவு அதிகம், பழைய கண்ணாடி மாதிரி வராது என்று சாக்குகள் சொன்னார்கள். அரசு கட்டுப்பாடுகளை இறுக்கிய பிறகுதான், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், ரசம் பூசுவது ஓய்ந்தது. (மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தக் கரைசலை மிச்சம் வைக்காதீர்கள். நாள்பட்டால் வெடிக்கும். எங்கள் காலத்திலேயே அட்டெண்டர் திட்டுவார்.)

சரி, இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். செட்டிநாட்டில் ஒரு வீடு. ஊர் பெயர் வேண்டாம். பர்மா தேக்குத் தூண், இத்தாலி மார்பிள், எல்லாம் உள்ள வீடு. முகப்பில் எதிரெதிர்ச் சுவரில் வெனிஸ் பாணியில் ஜோடிக் கண்ணாடி. "பெல்ஜியம் கண்ணாடி" என்றார்கள். நம் ஊரில் பழைய கண்ணாடி எல்லாமே பெல்ஜியம்தான்; எந்த நாட்டில் செய்தது என்று பார்த்தால்தான் தெரியும். நான் போனபோது ஒரு சுவர் காலி. பேத்தி கல்யாணத்துக்கு முன்னால் ரசம் பூசி வரட்டும் என்று ஒன்றைப் பட்டறைக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அது திரும்பி வந்தது.

புதுசு மாதிரி பளிச்சென்று இருந்தது. மூத்த ஆச்சி கிட்டே போய்ப் பார்த்தார்கள். "தம்பி, இதுல இருந்த பூவெல்லாம் எங்க?" என்றார்கள். பட்டறையில் ஆசிட் ஊற்றிச் சுரண்டியிருக்கிறார்கள். கறை போகவில்லை என்று முதுகில் பஃபிங் சக்கரம் ஓட்டியிருக்கிறார்கள். பின்பக்கம் மெல்லிசாகச் செதுக்கியிருந்த கொடி பாதிக்கு மேல் அழிந்துபோய், மிச்சம் பனி மூடிய மாதிரி நின்றது. சட்டத்தில் இரண்டு இதழ் உடைந்து, அந்த இடத்தில் பிளாஸ்டிக். பின்பலகையில் ஒட்டியிருந்த பழைய காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள். எந்த ஊர்ச் சரக்கு, யார் அனுப்பியது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அதுதான். இதெல்லாம் போகட்டும். "உள்ள இருந்து வெள்ளி உருண்டையா விழுந்துச்சுங்க, கடைப் பசங்க டீ கிளாஸ்ல புடிச்சு வெளையாடினாங்க" என்று கொண்டுவந்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆசிட் படும்போது கிளம்பும் புகை, சாக்கடையில் போன பாதரச உப்பு, அந்தப் பையன்களின் கை. 1861-ல் குஸ்மவுல் எழுதியது நம் ஊர்ப் பட்டறையில் மறுபடி நடக்கிறது, அதுவும் பெயர் தெரியாமலே. பாதரசம் தெர்மாமீட்டர் ஆலை வழியாகக் கொடைக்கானல் மண்ணுக்கு என்ன செய்தது என்று இங்கே பலருக்குத் தெரியும். அந்த ஆலை 2001-ல் மூடப்பட்டது. பட்டறைகளை யார் கணக்கெடுக்கிறார்கள்?

இரண்டாவது கண்ணாடியையும் அனுப்ப வண்டி பேசியிருந்தார்கள். நான் ஆச்சியிடம், "ஆச்சி, முகம் பார்க்க பீரோ கண்ணாடி போதும். இது முகம் பார்க்க இல்லை, இதைத்தான் பார்க்கணும்" என்றேன். ஆச்சி ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் வண்டிக்காரரைக் கூப்பிட்டு, "அது அங்கயே கெடக்கட்டும்ப்பா, நீ வேற லோடு பாத்துக்க" என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் புதுக் கண்ணாடி முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். குழந்தைகள் மட்டும் புள்ளி விழுந்த கண்ணாடியில் பூவைத் தொடப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உங்களில் பலர் வீட்டில் இப்படி ஒன்று இருக்கலாம், பாகப்பிரிவினையில் வந்திருக்கலாம், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஆசைப்பட்டு வாங்கியும் இருக்கலாம். முதலில் அது பாதரசமா வெள்ளியா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வெள்ளைத் தாளைக் கண்ணாடிக்கு எதிரே பிடியுங்கள். வெள்ளிக் கண்ணாடியில் தாளின் பிம்பம் சற்று மஞ்சளாடும்; ரசக் கண்ணாடியில் நீலமும் சாம்பலும் கலந்து, கொஞ்சம் இருட்டாகத் தெரியும். முதுகு தெரிந்தால் இன்னும் சுலபம். வெள்ளிக்குப் பின்னால் பெயின்ட் அடித்திருப்பார்கள், ரசத்துக்குப் பின்னால் பொடி மினுமினுக்கும் வெறும் உலோகம்தான். விளிம்பில் பெவல் இருந்தால் விரல் வைத்துப் பாருங்கள். பழைய கைவேலைப் பெவல் மிகவும் ஆழமில்லாமல், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி இருக்கும். மெஷின் பெவல் நறுக்கென்று தெரியும். செட்டிநாட்டுக் கண்ணாடிகளில் பிற்காலத்து வெள்ளியும் நிறைய உண்டு, அதனால் பயந்துவிட வேண்டாம்.

ரசக் கண்ணாடி என்று தெரிந்தால், தயவுசெய்து தலைகீழாகத் திருப்பாதீர்கள், படுக்கப் போடாதீர்கள். பல தலைமுறையாகக் கீழே இறங்கி நிற்கும் பாதரசம் திரும்பி ஓடி, இருக்கிற பூச்சையும் கரைத்துக்கொண்டு போகும். வண்டியில் கொண்டுபோனாலும் நின்ற நிலையிலேயே போகட்டும். மேலே ஸ்பிரே அடிக்க வேண்டாம். உலர்ந்த பஞ்சு போதும், அதுவும் ஓரத்தில் வேண்டாம். வெயில் படும் சுவர் ஆகாது. கீழ்ச் சட்டத்தில் உருண்டை தெரிந்தால் துடைப்பத்தாலோ வேக்குவம் கிளீனராலோ எடுக்காமல், மூடி இறுகும் பாட்டிலில் தாளால் ஒதுக்கி எடுத்து, தெரிந்தவர்களிடம் கொடுங்கள். நல்ல காற்றோட்டமான கூடத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் கண்ணாடியால் பெரிதாகப் பயமில்லை. சுரண்டுவதும் சூடாக்குவதும்தான் ஆபத்து. புள்ளிகள் ரொம்பவும் உறுத்தினால், பழைய பூச்சைத் தொடாமல் அதன் பின்னால் மெல்லிய பளபளப்புத் தாளோ புதுக் கண்ணாடியோ வைத்து, விட்டுப்போன இடத்துக்கு ஒளி கொடுக்கும் முறை இருக்கிறது. நாளைக்கு வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். பட்டறைச் சுரண்டலை எடுக்க முடியாது.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார், சமையல்கூடத்திலிருந்து வாசனையும் வருகிறது. மேடைக்குப் பக்கத்து மேசையில் மூடிய பெட்டிக்குள் இரண்டு துண்டுகள் வைத்திருக்கிறேன். ஒன்று ரசம், ஒன்று வெள்ளி. எது எது என்று எழுதவில்லை. வெள்ளைத் தாளும் அங்கேயே இருக்கிறது. சாப்பாட்டுக்குப் போகிற வழியில் பார்த்துவிட்டு, எது ரசம் என்று சீட்டில் எழுதிப் போடுங்கள். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள்.